வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நாங்கள் அண்ணையின் வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள் அவர் குளியலறைக் கதவை உதைத்து உடைத்தார். நான் உள்ளே இருந்தேன்.

தலைக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றதால், தண்ணீர்ச் சத்தத்தில் அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. முதல் உதையில் கதவைப் பிடித்திருந்த மேல் பிணைச்சல் தெறித்தது. இரண்டாவது உதையில் கதவு முழுதாகக் கழன்று முகம் கழுவும் தொட்டியின் மேல் விழுந்தது. பீங்கான் விளிம்பு நொறுங்கித் தரையெல்லாம் சிதறியது. நான் திரைச்சீலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு வீடே அதிரக் கத்தினேன்.

என் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரித் தாதி. பிள்ளை பிழைத்துவிட்டது என்று சொன்னதும் தகப்பன்மாருடைய முகம் எப்படித் தளரும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் தளர்ந்தது. உடனே முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"ரெண்டு தரம் கூப்பிட்டனான் பிள்ளை. நீ சத்தம் போடேல்லை."

"குளிக்கேக்கை என்னெண்டு அண்ணை சத்தம் போடுறது?"

"போட வேணும்" என்றார். சொல்லிவிட்டுப் போய்த் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்து, அன்று பின்னேரத்துக்குள் அந்த வீட்டில் இருந்த தாழ்ப்பாள்கள் அத்தனையையும் கழற்றினார். எங்கள் படுக்கையறையினுடையதும் போனது.

என் கணவர் அன்றே வீடு மாறவேண்டும் என்று நின்றார். எங்கே மாறுவது? அது எழுபத்தைந்தாம் ஆண்டு. மெல்பேர்ணில் எங்கள் நிறத்தைப் பார்த்ததும், அறை நேற்றுத்தான் போய்விட்டது என்று சொல்லும் வீட்டுக்காரர்களே அதிகம். ஸ்பிரிங்வேலில் தமிழரான அண்ணைதான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் இரண்டு அறைகளையும் குசினியில் பாதியையும் எங்களுக்குத் தந்திருந்தார். இருந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறவர் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். என் கணவர் கழிப்பறையில் இருந்து பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லுவார். பிழைவிட்டால் வெளியே இருந்து அண்ணை திருத்துவார். ஊரில் இருந்து வந்த என் அக்கா ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "இது விசர் வீடடி" என்றாள். எனக்கும் சிலவேளை அப்படித்தான் தோன்றியது.

அண்ணைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்காரர். இருபது வருடம் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலைசெய்தவர். ஒருநாள் மெல்பேர்ணில் இறங்கியவர் திரும்பக் கப்பலேறவில்லை. எப்படி இங்கே தங்க விட்டார்கள் என்று அவர் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. பெரிய தோள்கள். மெதுவான நடை. குசினியில் என்னோடு நின்று வெங்காயம் உரிப்பார். நான் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வரும் நாட்களில் வாளியில் சுடுதண்ணீர் வைத்து, "காலை விடு பிள்ளை" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவார். மூடிய கதவைக் கண்டால் மட்டும் வேறு ஆள்.

அவரும் என் கணவரும் ஒரே கார்த் தொழிற்சாலையில் வேலை. அங்கே வர்ணம் பூசும் பகுதிக்குப் பின்பக்கம் ஒரு அவசர வாசல் இருந்தது. வேலையாட்கள் அதனால் போய் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று மேற்பார்வையாளர் அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அண்ணை போய் முறைப்பாடு சொன்னார். பூட்டை எடுக்கவில்லை. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அலவாங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சங்கிலியை முறித்தார். மேற்பார்வையாளர் ஓடிவந்து பின்னால் கழுத்தைப் பிடிக்க, திரும்பி ஒரே குத்து. அந்த மனிதர் வர்ணத் தகரங்களுக்கு மேலே போய் விழுந்தாராம். சிவப்பு வர்ணம் ஊற்றுப்பட்டதில் எது இரத்தம் எது வர்ணம் என்று தெரியவில்லை என்று என் கணவர் வந்து சொன்னார்.

அண்ணையின் விரல் மொளிகளில் தோல் உரிந்திருந்தது. மருந்து போட்டுக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"கதவுக்காக ஆரும் வேலையைத் துலைப்பினமோ அண்ணை?"

"உள்ளுக்கை முப்பது பேர் நிக்கினம். முழுக்கத் தின்னர் மணம். எல்லாம் எரிய ஒரு பொறி காணும்."

"ஒண்டும் நடக்கேல்லையே."

"அப்ப நல்லதுதானே" என்றார்.

வேலை போனபின் கொலின் என்கிற வெள்ளைக்காரனோடு சேர்ந்தார். கொலினிடம் ஒரு படகும் காற்றுச் சிலிண்டர்களும் இருந்தன. மெல்பேர்ணுக்கு மேற்கே உள்ள கரையில், கார் ஓடி நாலு மணித்தியாலத் தூரத்தில், பாறைகளில் மோதி உடைந்த பழைய கப்பல்கள் ஏராளம். நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்து மூன்று மாதம் கடலில் வந்து, கரை கண்ணுக்குத் தெரியும்போது சிதறிய கப்பல்கள். வார இறுதிகளில் இறங்கி, டைனமைற் வைத்து உடைத்து, பித்தளையும் செம்பும் ஈயமும் எடுத்து விற்பது கொலினுடைய தொழில். பிறகுதான் சட்டம் வந்து தடுத்தது. அப்போது கேட்பார் இல்லை. அண்ணை மீனைப்போல நீந்துவார். இரும்புக் கப்பலின் உட்புறம் அவருக்குத் தன் வீட்டைப்போலத் தெரியும்.

எந்தக் கப்பல் எங்கே உடைந்தது என்று பார்க்கப் பழைய செய்தித்தாள்கள் வேண்டும். அவருக்கு ஆங்கிலம் பேச வரும், வாசிக்க வராது. வேலையில்லாத நாட்களில் நான் நகரத்து நூலகத்துக்குப் போய் எழுதிக்கொண்டு வந்து குசினிக் கதிரையில் இருந்து தமிழில் சொல்லுவேன்.

அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் சாவை மறைத்து எழுதவில்லை. ஒரு கப்பலில் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொங்கிய சனங்கள் இரண்டு பகல் ஓர் இரவு அப்படியே தொங்கினார்கள். கரையில் நின்றவர்களுக்கு அவர்களுடைய முகம் தெரியுமளவு தூரம். ஒவ்வொரு பெரிய அலைக்கும் ஒருவர், இருவராக விழுந்தார்கள். இன்னொன்றில் படகை இறக்கும்போது ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து, இருந்த எல்லோரையும் கொட்டிவிட்டு, படகு திரும்பி வந்து அவர்கள் தலைகளிலேயே விழுந்தது. மூடுபனியில் பாறையைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்த மாலுமிகள். குடிவெறியில் படுத்துக்கிடந்த கப்டன். படகின் விளிம்பைப் பிடித்த கைகளைத் துடுப்பால் அடித்து விடுவித்தவர்கள். வாசித்து முடித்துத் தாளை மடிப்பேன். அண்ணை மேசையைப் பார்த்தபடி இருந்து கடைசியில் ஒன்று மட்டும் கேட்பார்.

"கீழை இருந்த சனத்தின்ரை கதவு? அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லையோ?"

அநேகமாக எழுதியிருக்காது. ஒரு கப்பலைப்பற்றி எழுதியிருந்தது.

ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் உடைந்த இரும்புக் கப்பல் அது. பெயரை எழுத விருப்பமில்லை, அதில் வந்தவர்களுடைய சந்ததி இருக்கும். குடியேற வந்த ஏழைச் சனம், பெண்களும் பிள்ளைகளும் கீழ்த்தட்டில் தனி அறையில். விடியப்புறம் பாறையில் மோதியதும், படகுகளை இறக்குகிறவர்களுக்கு இவர்கள் வந்து இடைஞ்சல் தரக்கூடாது என்று கப்டன் அந்த அறையின் இரும்புக் கதவைப் பூட்டச் சொன்னார். சாப்பாடு பரிமாறும் பணியாள் ஒருவன் போய் வெளியே இருந்து தாழ்ப்பாள் போட்டான். பிறகு மேலே வந்து படகில் ஏறினான். தப்பிய ஏழு பேரில் அவனும் ஒருவன். விசாரணையில் இதை அவனே சொன்னான். உள்ளே இருந்து தட்டினார்களா என்று கேட்டார்கள். காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை என்றான். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவன் என்று அவனை விசாரித்தவர்கள் மெச்சியிருந்தார்கள்.

"பிறகு அவன் என்ன ஆனான்?" என்று அண்ணை கேட்டார்.

அதையும் தேடி எழுதிக்கொண்டு வந்திருந்தேன். "துறைமுகத்திலை மதுச்சாலை ஒண்டு வைச்சு, எழுபது வயசு மட்டும் இருந்தவனாம். பேரப்பிள்ளையளும் கண்டவன்."

அவர் எழும்பினார். குசினிச் சுவரில் குத்தினார். அந்த வீடு மெல்லிய பலகைச் சுவர். முதல் குத்தில் பலகை உடைந்து கை உள்ளே போனது. இழுத்து எடுத்து அதே இடத்தில் மறுபடியும் குத்தினார். பலகைச் சிராய் மணிக்கட்டில் ஏறி நின்றது. நான் கையைப் பிடித்தேன். பிடித்திருக்கிறேன் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பின்வளவில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தபோது, நான் கேளாமலே சொன்னார். பாரசீகக் குடாவில், பெரிய கப்பல். எண்ணெய்க் குழாய் வெடித்து எஞ்சின் அறையில் நெருப்பு. எல்லோரும் ஏறிவிட்டார்கள், கதவைப் பூட்டு என்று மேலதிகாரி கத்தினார். இவர் வெளியே நின்று இரும்புக் கதவின் சக்கரத்தைச் சுற்றிப் பூட்டினார். பூட்டிய பிறகுதான் உள்ளே இருந்து தட்டுகிற சத்தம் கேட்டது.

"கோவாக்காரப் பெடியன். சாவியாலை தட்டினவன், நட்டுக் கழட்டுற எங்கடை பெரிய இரும்புச் சாவியாலை. நான் சக்கரத்திலை கை வைச்சனான். அதிகாரி என்ரை கையை அமத்திப் பிடிச்சிட்டார். திறந்தா கப்பல் முழுக்கப் போகும் எண்டார். நான் அவரைத் தள்ளியிருக்கலாம். என்னிலும் பாதிதான் அந்தாள்."

"எவ்வளவு நேரம் தட்டினவர்?"

அவர் மீனின் செவுளை இழுத்து எறிந்தார். "கம்பனிக்காரர் மெச்சிக் கடிதம் தந்தவை. அதுவும் இங்கிலீசுதான். உன்னைப்போல ஒருத்தர்தான் வாசிச்சுச் சொன்னவர்."

அதன்பின் குளியலறையில் நான் வாய்மூடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கப்பலைக் கொலினும் அவரும் மூன்று மாதத்தில் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு ஆழமில்லை. பாதி மணலுக்குள் சாய்ந்து கிடந்தது. அந்தக் கதவும் இருந்தது. துருவும் கிளிஞ்சலும் ஏறி ஒரே கல்லாகிப் போனாலும், தாழ்ப்பாள் வெளிப்பக்கம், முழுதாக உள்ளே தள்ளிப் பூட்டியபடி இருக்கிறது என்று வந்து சொன்னார். அதன் வாசலடியில் மணலைக் கிளறியபோது கிடைத்தது என்று காலில் போடும் ஒரு சப்பாத்தின் அடித்தோலை மேசையில் வைத்தார். என் உள்ளங்கையைவிடச் சிறியது.

கொலினுக்கு வேண்டியது கதவுக்கு அப்பால், அந்த அறைக்குப் பின்னால் சரக்கறையில் இருந்த செம்புக் கட்டிகள். ஒரு வெடியில் முடிகிற வேலை. அண்ணை மறித்தார். உளியாலும் சுத்தியலாலும் அந்தத் தாழ்ப்பாளைத் தானே கழற்றப்போவதாகச் சொன்னார். கடலுக்கு அடியில் சுத்தியல் வீசினால் கை இழுபடும், அடி விழாது. ஒவ்வொரு வார இறுதியாக மூன்று தடவை போனார். காதில் இரத்தம் வடிய வந்தார். விரலளவுதான் கழன்றிருந்தது.

நாலாவது தடவை நானும் சாப்பாடு கட்டிக்கொண்டு படகில் போனேன். என் கணவருக்கு அன்று வேலை. பத்து மணி இருக்கும், கடல் அமைதி. அண்ணை ஒரு முறை இறங்கி ஏறி, சிலிண்டர் மாற்றுவதற்கு முன்னால் குளிரில் நடுங்கியபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து வருவதாகச் சொல்லிக் கொலின் இறங்கினான். அரை மணித்தியாலம் கழித்து ஏறியபோது அவன் கையில் இரண்டு மஞ்சள் வயர்கள். நேரே பற்றரிப் பெட்டியடிக்குப் போனான்.

அண்ணை கோப்பையை வைத்தார். "வெடியை எங்கே வைத்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கதவடியில்தான். மூன்று கிழமையாக உன் விளையாட்டைப் பார்த்துவிட்டேன். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் செத்தவர்கள். இனிமேல் சாகமாட்டார்கள்."

வயர் நுனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னான். சொல்லி முடிக்க, அண்ணை முழுக்குக்குக் கட்டும் ஈயப் பட்டியைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தார். எலும்பு முறியும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கொலின் விழவில்லை. நல்ல பலசாலி. மீன் குத்தும் கொக்கியை எடுத்து அண்ணையின் தோளில் ஏற்றினான். இருவரும் கட்டிப்பிடித்துப் படகின் ஒரு பக்கத்தில் மோத, படகு சரிந்து தண்ணீர் உள்ளே வந்தது. நான் இடையில் போனேன். யாருடைய முழங்கை என்று தெரியாது, என்னைத் தூக்கி எஞ்சின் பெட்டியில் அடித்தது. மணிக்கட்டு மடங்கியது. எழும்பிப் பார்க்கும்போது கொலின் மல்லாக்கக் கிடந்தான். அண்ணை அவன் நெஞ்சில் ஏறியிருந்து குத்திக்கொண்டிருந்தார். கொலினுடைய கைகள் எப்போதோ ஓய்ந்துவிட்டன. அவர் நிறுத்தவில்லை.

"அண்ணை, மூச்சு விடுறானில்லை! நாக்குப் பின்னாலை போயிட்டுது!" என்று கத்தினேன்.

அந்தக் குரலுக்குத்தான் நிறுத்தினார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வயர்களைப் பிடுங்கினார், பற்றரியைத் தூக்கிக் கடலில் எறிந்தார், நான் சொன்னபடி கொலினின் தாடையை முன்னால் இழுத்துப் பிடித்தார். கரை வரும் வரைக்கும், ஒரு கையால் படகைச் செலுத்திக்கொண்டு, மற்றக் கையால் அந்தத் தலையைத் தன் மடியில் பிடித்தபடியே வந்தார். தோளில் கொக்கி குத்திய இடத்தால் வடிந்த இரத்தம் கொலினுடைய தலைமயிரில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவனைக் கொடுத்துவிட்டு, தன் காயத்தைக் காட்டாமல் நேரே பொலிஸ் நிலையத்துக்கு நடந்துபோனார்.

வழக்கு வந்தது. கொலின் தாடையைக் கம்பியால் கட்டியபடி வந்து முன்வரிசையில் இருந்தான். அண்ணைக்கு மொழிபெயர்க்க வேறு ஆள் கிடைக்காமல் என்னையே கேட்டார்கள். வழக்கறிஞர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்: தானாக வந்து ஒப்புக்கொண்டவர், வருந்துகிறேன் என்று ஒரு சொல் சொன்னால் சிறை இல்லை.

நீதவான் கேட்டார். "இதே நிலைமை மறுபடியும் வந்தால் என்ன செய்வீர்கள்?"

நான் தமிழில் சொன்னேன். அவர் யோசிக்கவேயில்லை. "அடிப்பன் எண்டு சொல்லு பிள்ளை. ஆனா இந்தளவுக்கு அடிச்சது பிழை. அதையும் சொல்லு."

நான் நீதவான் பக்கம் திரும்பினேன். சிறையில் இரவும் பகலும் அந்த மனிதருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவர் மிகவும் வருந்துகிறார், ஐயா. இனி ஒருநாளும் கை நீட்டமாட்டேன் என்கிறார்."

நீதவான் தலையாட்டி எழுதத் தொடங்கினார். அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. பிறகு தன்னுடைய கப்பல் ஆங்கிலத்தில், சொல் சொல்லாக, தானே சொன்னார்.

"ஐயா. இந்தப் பெண் நல்ல பெண். எனக்காகப் பொய் சொல்கிறாள். நான் சொன்னது அதில்லை. நான் அடிப்பேன் என்றேன்."

ஆறு மாதம் கொடுத்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். இரண்டு கையிலும் கட்டு. கதவில் குத்தியிருக்கிறார். இரவில் அவரை நாலு பேர் பிடித்து ஊசி போடுகிறார்கள் என்று காவலர் ஒருவர் சொன்னார். அடுத்தடுத்த மாதங்களில் குத்துவது நின்றுவிட்டது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்லுவார், அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டபோது, "நீ என்ன செய்வாய் பிள்ளை" என்றார்.

அவர் வெளியே வந்தபோது நாங்கள் கிளென் வேவர்லிக்கு மாறிவிட்டோம். ஆறேழு கிழமை எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் வந்து வாசலில் நின்றார். பாதியாக மெலிந்திருந்தார். உதடு வெடித்து, கண் சிவந்து, உப்புத் தண்ணீரில் கிடந்து வந்த ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் அவரைக் கடைசியாகக் கண்டது அன்றைக்குத்தான். சிட்னியில் லிட்கம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, அன்று பின்னேரம் போகிறேன் என்றார்.

சோறும் இறால் கறியும் போட்டேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"திறந்தாச்சு பிள்ளை."

"தனியவோ போனீங்கள்?"

"கொலின் படகு தந்தவன். அவனும் வந்தவன். கதைக்கேல்லை, ஆனா வந்தவன். பத்து நாள் பிடிச்சுது."

என் கணவர் கதிரையை முன்னால் இழுத்தார். "உள்ளுக்கை என்ன கிடந்தது அண்ணை?"

"உள்ளுக்கு எண்டு ஒண்டு இல்லை" என்றார். "மணலுக்குள்ளை கிடந்த அந்தப் பக்கத்துத் தகடு முழுக்கக் கிழிஞ்சு உள்பக்கமா மடிஞ்சு கிடக்குது. பாறையிலை முதல் அடிச்ச இடம் அதுதான். அடிச்ச கையோடை கடல் அந்த அறைக்குள்ளை வந்திட்டுது. அறை நிறைய ஒரு நிமிசம் காணும். அந்தப் பணியாள் வந்து பூட்டேக்கை உள்ளுக்கை உயிரோடை ஒருத்தரும் இருந்திருக்க மாட்டினம்."

நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. அந்தச் சின்னச் சப்பாத்துக்காரிக்குச் சாவு நீண்ட நேரமாக இருக்கவில்லை என்கிற நினைப்பு.

என் கணவர் அண்ணையைப் பார்த்துச் சொன்னார். "அப்ப அவன் பூட்டினதாலை ஒருத்தரும் சாகேல்லை. பூட்டினாலும் பூட்டாட்டிலும் ஒண்டுதான். இனி நீங்கள் அதை விடலாந்தானே அண்ணை?"

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"ஓம் தம்பி" என்றார். "ஆனா பூட்டேக்கை அவனுக்கு அது தெரியாது."

சொல்லிவிட்டுச் சோற்றுக் கோப்பையை என் பக்கம் தள்ளி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.